கல் எண் நாற்பத்தேழு

குழித்துறைக் கோர்ட்டில் முப்பது வருடம்
நான் வாதிக்கு நின்றால் றசாலம் பிரதிவாதிக்கு,
நான் பிரதிவாதிக்கு என்றால் அவன் வாதிக்கு.
இருவரும் ஒரே பக்கம் நின்றது
பார் ரூமுக்குப் பின்னால், மூத்திரப் புரையில் மட்டும்.

பளுகல் பக்கம் ஒரு வீடு.
வாசல் இங்கே, அடுக்களை கேரளத்தில்.
அங்கே கொதிக்கும் கஞ்சி இங்கே ஆறும்.
கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுத்து
சாய்ந்து நின்றது எல்லைக்கல்,
எண் நாற்பத்தேழு.
வழக்கு நாலு சென்ட் விளைக்கு:
ஏழு மூடு ரப்பர், ஒரு பிலா.
திரேசம்மாள் அவன் கட்சிக்காரி.

சர்வேயரைக் கூண்டில் மூன்று நாள் நிறுத்தினான்.
கண்ணாடியைக் கழற்றுவான். துடைப்பான். போடமாட்டான்.
மங்கலாய்ப் பார்த்தபடியே கேட்பான்:
கல் நகர்ந்ததா, நகர்த்தப்பட்டதா?
தெரியாது.
எத்தனை விரற்கடை?
அளக்கவில்லை.
அளக்காததையா எழுதிக் கையெழுத்திட்டீர்?
மூன்றாம் நாள் மதியம்
சர்வேயர் குடிக்க வெள்ளம் கேட்டார்.
நான் தோற்றேன்.

பிறகு கட்சி அவனைக் கண்டெடுத்தது.
கறுப்பைக் கழற்றி வெள்ளைக்கு மாறினான்.
சலவைக்காரருக்குத்தான் முதல் பதவி உயர்வு.
ஜீப்பில் நின்று இரண்டு பாஷையில் கும்பிட்டான்.
நானும் அவனுக்கே போட்டேன்,
வெளியே சொல்ல வேண்டாம்.

ஒரு கல்லுக்கு மூன்று நாள் எடுத்தவனுக்கு
டெல்லியில்
ஒரு தொகுதிக்கு மூன்று நிமிடம்.
டிவியில் பார்த்தேன்.
கண்ணாடியைக் கழற்றினான்,
துடைப்பதற்குள் மணி அடித்தது.
மரச்சீனியும் மீனும் பாதித் தட்டில் இருக்க
நான் எழுந்து நின்றுவிட்டேன்:
"கனம் கோர்ட்டார் அவர்களே, அவர் முடிக்கட்டும்!"
என் மனைவி சத்தத்தைக் குறைத்தாள்.

அச்சடித்த பதில்களைத் தபாலில் அனுப்புவான்.
அ: இல்லை.
ஆ முதல் ஈ வரை: கேள்வி எழவில்லை.
ஓரத்தில் அவன் கிறுக்கல்:
"கோலப்பா, இந்தச் சாட்சியை
எப்படி வேய் குறுக்கு விசாரிப்பது?
கூண்டிலேயே ஏறமாட்டேன் என்கிறது."

ஒன்று மட்டும் எழுந்தது. நாலுவழிச் சாலை.
ஒன்பது முறை கேட்டான், பத்தாவதில் கிடைத்தது.
களியக்காவிளையில் பட்டாசுப் புகைக்குள்
அவன் முகம் ஐம்பதடி உயரம்.

சாலை வந்த வழியில் அந்த நாலு சென்ட்.
பிலா கேரளத்தில் சாய்ந்தது,
சக்கை இங்கே உருண்டது.
நாற்பத்தேழைக் கோழிக்கூட்டோடு
ஒரே வாயில் அள்ளியது ஜேசிபி.
திரேசம்மாள் என் ஆபீஸ் படி ஏறினாள்.
"அவரை எதிர்த்து நிக்க
உமக்குத்தானே தெரியும்."

தோற்று அவன் ஊர் திரும்பிய மாதம்
சம்மன் அனுப்பினேன்.
வக்கீலைக் கூண்டில் ஏற்றுவது
பாம்பைப் பாம்பு விழுங்குகிற மாதிரி, நீளம் தெரியாது.
வந்தான். கோட்டு இல்லை.
பழக்கத்தில், "மாண்புமிகு அவைத் தலைவர்" என்று தொடங்கினான்.
பெஞ்சு கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டான்.
நீதிபதிக்கு முப்பத்திரண்டு வயது, பொறுத்துக்கொண்டார்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன்.
துடைத்தேன். போடவில்லை.
மங்கலாய் இருந்தும் தெரிந்தது,
அவன் உதட்டோரம் அசைந்தது.

சாலை கேட்டது யார்?
நான்.
எத்தனை முறை?
பத்து.
கேட்டபோது கல் எண் நாற்பத்தேழு நினைவிருந்ததா?

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார்:
"அந்தக் கேள்வியே எழவில்லை, யுவர் ஆனர்."

றசாலம் அவர் பக்கம் திரும்பினான்.
முப்பது வருடத்தில்
அவன் என் பக்கம் பேசியது அன்றுதான்.
"எழுகிறது" என்றான்.
கம்பியைப் பிடித்துக்கொண்டான்.
"வரைபடத்தில் அது ஒரு கோடு.
கோட்டில் கோழிக்கூடு தெரியாது."

ஸ்டெனோ நிமிர்ந்தாள்:
கோழிக்கூடு என்றே பதியவா, சார்?
பதியுங்கள் என்றார் நீதிபதி.

வாய்தா ஜூன் பதினேழு.
வெளியே திரேசம்மாள் பஸ்ஸுக்கு நின்றாள்.
கேரள வண்டிதான் முதலில் வந்தது.